எல்லாப் பக்கத்திலும் ஒரே படம்

நான் ஹெல்ப் எழுதுகிறவன். என்ன வேலை என்று கேட்கிறவர்களிடம் இதைச் சொன்னால், "யாருக்கு ஹெல்ப்?" என்று அடுத்த கேள்வி வந்துவிடும். தோட்டத்து மோட்டாரைச் செல்போனிலிருந்தே ஓட்டவும் நிறுத்தவும் ஒரு கருவி செய்து விற்கிற சின்னக் கம்பெனி, தேனியில். கருவியோடு ஒரு ஆப்பும் வரும். அதில் எதை எங்கே அமுக்க வேண்டும் என்று படம் போட்டு, நாலு வரி எழுதி, இணையத்தில் ஏற்றுவது என் பொறுப்பு. பழனிசெட்டிபட்டி வீட்டிலிருந்து பத்து நிமிஷத்தில் ஆபீஸுக்குப் போய்விடலாம் என்பதற்காகச் சென்னை வேலையை விட்டு வந்ததாகச் சொல்லிக்கொள்வேன். சென்னை வேலைதான் என்னை விட்டது என்பதைச் சொல்வதில்லை.

எனக்கு முன்னால் மூன்று பேர் இந்த வேலையைப் பார்த்திருந்தார்கள். ஒருவர் எடுத்த படத்தை அடுத்தவர் நம்பவில்லை. ஆளாளுக்குப் புதிதாக எடுத்துப் பக்கத்திலேயே போட்டு வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். 'நிறுத்து' பட்டனுக்கு மட்டும் பதினோரு படங்கள். ஸ்டாப், ஸ்டாப் நியூ, ஸ்டாப் ஃபைனல், ஸ்டாப் ஃபைனல் இரண்டு. 'ஸ்டாப் இதைத்தான் போடணும்' என்று ஒரு ஃபைல், 'ஸ்டாப் இதைப் போடாதே' என்று இன்னொரு ஃபைல். இணையப் பக்கத்தில் இருந்தது அந்தப் போடாதேதான்.

என்னைவிடப் பத்து வயது சின்னவரான முதலாளி ஒருநாள் அந்த ஃபோல்டரை என் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துவிட்டார்.

"அண்ணே, இது ஹெல்ப்பா, கல்யாண ஆல்பமா?"

அந்தக் கேள்வி எனக்குள் ஒரு வேகத்தைக் கிளப்பிவிட்டது. இரண்டு வாரம் உட்கார்ந்து, ஒரே மாதிரி இருந்ததையெல்லாம் அழித்தேன். ஒவ்வொரு தலைப்புக்கும் தனி ஃபோல்டர் போட்டேன். உள்ளே இருக்கிற படங்களுக்குப் படம் ஒன்று, படம் இரண்டு, படம் மூன்று என்று வரிசையாகப் பெயர் வைத்தேன். எந்த ஃபோல்டரைத் திறந்தாலும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பிரேயருக்கு நிற்பதுபோல நின்றன. முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்குத்தாண்ணே அனுபவம் வேணும்கிறது" என்றார். சென்னைக்காரர்கள் யாராவது பக்கத்தில் இருந்து இதைக் கேட்டிருக்கலாம் என்று தோன்றியது.

அன்று மத்தியானமே இணையத்தில் ஏற்றினேன். சரிபார்க்க ஒரு பக்கத்தைத் திறந்தேன். கடைசியாகத் திருத்தியது 'ஆப்பைப் போனிலிருந்து நீக்குவது எப்படி' என்ற பக்கம். கைக்கு அதுதான் வந்தது. படமெல்லாம் கச்சிதம். வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் ஒரு மெசேஜ் தட்டினேன்: 'உதவிப் பக்கங்கள் புதுப்பிக்கப்பட்டுள்ளன. பழைய பக்கங்களைப் பயன்படுத்த வேண்டாம்.'

மூன்று வாரம் கழித்து சுருளிப்பட்டியிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். திராட்சைத் தோட்டக்காரர். குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது.

"சார், ஆப்பைக் காணோம்."

"காணோம்னா?"

"போன்ல இருந்துச்சு. நீங்க படத்துல காட்டுன மாதிரியே அமுக்குனேன். போயிருச்சு."

எந்தப் பக்கத்தைப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். மோட்டார் ஓடும் நேரத்தைக் குறைப்பது எப்படி என்ற பக்கம் என்றார். அந்தப் பக்கத்தை நானும் என் போனில் திறந்தேன். எழுத்தெல்லாம் நேரத்தைக் குறைப்பதைப் பற்றி. படமோ, ஆப்பை விரலால் அழுத்திப் பிடித்து 'நீக்கு' என்பதைத் தொடச் சொன்னது. அடுத்த பக்கத்தைத் திறந்தேன். அங்கேயும் நீக்கு. மோட்டாரை ஓட்டுவது எப்படி? நீக்கு. கரண்ட் வந்ததும் மெசேஜ் வர என்ன செய்ய வேண்டும்? நீக்கு. எங்கள் கருவியைப் பற்றி யார் என்ன கேட்டாலும், மூன்று வாரமாக நாங்கள் சொல்லிவந்த ஒரே பதில் அதுதான்.

நடந்தது இவ்வளவுதான். என் கம்ப்யூட்டரில் ஃபோல்டர்கள் தனித்தனி. இணையத்தில் ஏற்றும் மென்பொருளோ எல்லாப் படங்களையும் ஒரே ஃபோல்டரில் கொட்டும். ஒரே பெயரில் இரண்டு வந்தால் கேட்காது, முன்னதை அழித்துவிட்டுப் பின்னதை வைத்துக்கொள்ளும். நானோ அத்தனை தலைப்புக்கும் படம் ஒன்று என்றே பெயர் வைத்திருந்தேன். கடைசியாகப் போனது நீக்குகிற படம். அது மற்றதையெல்லாம் நீக்கிவிட்டது. ஒரே படத்துக்குப் பதினோரு பெயர் இருந்தவரை ஒருவருக்கும் கெடுதல் வரவில்லை.

"எழுதியிருந்ததைப் படிக்கலையாம்மா?" என்று கேட்டேன். கேட்ட அந்தக் கணமே வெட்கமாக இருந்தது.

"படம் போட்டிருக்கையில எழுத்தை யாரு சார் படிப்பாக? பழைய நேரத்தை நீக்கச் சொல்லுதுன்னு நெனச்சேன்."

மறுநாள் காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். என்னை யாரும் போகச் சொல்லவில்லை. முதலாளி, "போன்லயே சொல்லிக் குடுங்கண்ணே, இன்ஸ்டால் பண்ண ரெண்டு நிமிஷம்" என்றுதான் சொன்னார்.

அந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். வீட்டுக்காரர் கூடலூரிலிருந்து குமுளிக்கு ஜீப் ஓட்டுகிறார், தோட்டம் முழுக்க இவர் பொறுப்பு. சம்பவத்தன்று அந்த அம்மா கூடலூரில் சொந்தக்காரர் வீட்டு நிச்சயதார்த்தத்தில் இருந்திருக்கிறார். கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓட ஆரம்பித்துவிட்டதாகப் போனில் மெசேஜ். அறுவடைக்குப் பத்து நாள்தான் பாக்கி. அந்த நேரத்தில் தண்ணீர் கூடினால் பழம் வெடிக்கும். ஒன்றரை மணி நேரம் ஓடும்படி வைத்திருந்ததை அரை மணியாக்கலாம் என்று பந்தியில் உட்கார்ந்தபடியே ஹெல்ப் பக்கத்தைத் திறந்திருக்கிறார்.

"இலையில சோத்தை அப்படியே வச்சுட்டு எந்திரிச்சேன் சார். பஸ்ஸப் பிடிச்சு வந்து சேர்றதுக்குள்ள முழுத் தண்ணியும் பாஞ்சிருச்சு. இங்கன வந்து பாருங்க."

பந்தலுக்குள் குனிந்து போனேன். கொத்துகளில் அங்கங்கே பழம் கீறி, சாறு வடிந்து, எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எல்லாம் போகலை, அந்தக் கடைசி ரெண்டு வரிசைதான்" என்றார். ஆறுதல் சொல்ல வந்தவன் நான்.

ஆப்பை மறுபடி ஏற்றிக் கொடுக்க மோட்டார் ரூமுக்குக் கூட்டிப்போனார். உள்ளே சுவர் முழுக்க எங்கள் பழைய ஹெல்ப் பக்கங்கள். காலேஜ் படிக்கிற மகள் போன வருஷம் கம்பத்தில் பிரின்ட் எடுத்து ஒட்டிவிட்டுப் போனாளாம். நேரத்தைக் குறைக்கும் பக்கமும் இருந்தது, சரியான படத்தோடு. 'போடாதே' என்ற அந்த நிறுத்து பட்டனும் சேறு படிந்திருந்தாலும் தெளிவாக, சரியாக இருந்தது.

"இது இருக்கையில எதுக்கும்மா இன்டர்நெட்ல பாத்தீங்க?"

"இங்கன இருந்தா சொவத்தைப் பாத்திருப்பேன். கூடலூர்ல ஏது சொவரு? மக வாட்ஸ்அப்லயும் அனுப்பி வச்சிருந்தா. நீங்கதான பழசைப் பாக்க வேணாம்னு மெசேஜ் அனுப்புனீக? அன்னைக்கே அழிச்சுட்டேன்."

அது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். அதுவரை அவர் 'நீங்க' என்று சொன்னது கம்பெனியைத்தான். படம் மாறியதும் என் தப்புதான் என்று விளக்கினேன். பெயர், ஃபோல்டர், மென்பொருள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"எங்க ஊர்ல ஆரோக்கியமேரி மட்டும் ஆறு பேரு. தெருவையும் அப்பன் பேரையும் சேத்துத்தான் கூப்புடுவோம். அப்படி வச்சிருக்கலாம்ல?"

அப்படித்தான் வைத்தேன். தலைப்பு, உட்தலைப்பு, பிறகு எண். வாசிக்கவே மூச்சு வாங்கும் பெயர்கள். இரண்டு நாளில் எல்லாம் சரியாகிவிட்டது. இந்த முறை ஒவ்வொரு பக்கத்தையும் போனில் திறந்து பார்த்தேன். முதலாளி அந்த அம்மாவுக்கு ஒரு வருஷத்துக்கு இலவச சர்வீஸ் என்றார். கருவி ஒருநாளும் கெட்டதில்லை என்பதால் அது அவருக்குப் பயன்படவில்லை. வெடித்த பழத்தை ஜூஸ் கடைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்களாம். மிச்சத் தோட்டம் தப்பித்தது.

அந்த மூன்று வாரத்தில் வேறு யாரிடமிருந்தும் ஒரு புகார்கூட வரவில்லை. "பாத்தீங்களாண்ணே, ஒரே ஒருத்தருக்குத்தான் பாதிப்பு" என்று முதலாளி சந்தோஷப்பட்டார். நானும் தலையாட்டினேன். அவர் போன பிறகுதான் கணக்குப் போட்டேன்: வேறு யாரும் பக்கத்தைத் திறக்கவே இல்லை. நாலு வருஷமாக நான் எழுதுவதைத் திறந்து பார்க்கிறவர் சுருளிப்பட்டியில் ஒருவர் இருக்கிறார். அவரும் படம் மட்டும்தான் பார்ப்பார்.