இரண்டு வலது இறக்கைகள்

லிஃப்ட்காரர் என்றால் அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். எந்தக் கட்டடத்தில் எந்த மாடியில் யார் மாட்டிக்கொண்டு கதவைத் தட்டினாலும் முதல் போன் அவருக்குத்தான் போகும். வாழ்நாளில் பாதியை இருட்டுக் குழிகளுக்குள் கம்பிவடத்துக்குக் கிரீஸ் தடவியே கழித்தவர். மேலே போவது, கீழே வருவது, இந்த இரண்டைத் தவிர அவர் கை பட்ட இயந்திரங்களுக்கு வேறு திசை தெரியாது. அப்படிப்பட்ட மனிதருக்கு இந்த வயதில் விமானப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். அவர்களுக்கு என்ன தெரியும். பைத்தியம் பிடித்தது மீசை அரும்பிய வயதில். நடுவில் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

அப்பாவின் பழைய வீட்டைக் காலி செய்த அன்று, அலமாரிக்கு மேலே, கிழிந்த குடைகளுக்கும் ஓடாத மின்விசிறிக்கும் அடியில் அந்த அட்டைப்பெட்டி கிடைத்தது. கப்பலில் வேலை பார்த்த மாமா ஒரு காலத்தில் அக்காவுக்கும் தம்பியான இவருக்கும் பொதுவாக வாங்கி வந்த பெட்டி. உள்ளே மோட்டார் இல்லாத விமானம் ஒன்று, துண்டு துண்டாக. காற்றிலேயே மிதக்கும் ஜாதி. தக்கைபோல் லேசான மரப்பலகைகளில் பாகங்கள் அச்சாகியிருக்கும். பிளேடால் நறுக்கி, வரைபடத்தின் மேலே வைத்து ஒட்டிக்கொண்டே போக வேண்டும். கீழேயிருந்து திருப்புவதற்கு ஒரு ரேடியோவும் உண்டு.

பெட்டியைத் திறந்தவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். உடல் பாகம் இருந்தது. வால் இருந்தது. இறக்கைகள் இரண்டும் இருந்தன. இரண்டும் வலது இறக்கைகள்.

இந்தக் கூத்தைச் சொல்லியே ஆக வேண்டும். வரைபடத்தில் வலது இறக்கையை மட்டும்தான் வரைந்திருப்பார்கள். இடது வேண்டுமானால் தாளில் எண்ணெய் தடவி, கோடுகள் மறுபக்கம் தெரியும்படி கவிழ்த்துப் போட்டுக்கொள்ள வேண்டும். வீட்டில் மேசை ஒன்றுதான். பகலில் இவர் தொழிற்பயிற்சிக்குப் போயிருக்கும்போது அக்கா ஒட்டுவாள். மாலையில் அவள் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போனதும் இவர் ஒட்டுவார். இடது இறக்கையைத் தம்பி பார்த்துக்கொள்வான் என்று அவள் நினைத்தாள். அக்கா பார்த்துக்கொள்வாள் என்று இவர் நினைத்தார். தாளை யாரும் கவிழ்க்கவில்லை. கடைசியில் உடலோடு பொருத்திப் பார்த்தால் ஒன்று சமர்த்தாக உட்கார்ந்தது. மற்றொன்றை இந்தப் பக்கம் வைத்தால் வயிறு வானத்தைப் பார்த்தது, அந்தப் பக்கம் திருப்பினால் முன்விளிம்பு பின்னால் போனது.

"உன்னைத்தானே இடது செய்யச் சொன்னேன்?" என்றாள் அக்கா.

"எப்ப சொன்ன? கனவுலயா?"

அந்தச் சண்டை முடியவே இல்லை. முடிப்பதற்குள் அக்காவுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது. ஒரு பெட்டியோடு போனாள். இன்னொரு பெட்டி அலமாரிக்கு மேலே ஏறியது.

அக்கா உயிரோடு, சௌக்கியமாக இருக்கிறாள். அதுதான் கஷ்டம். இல்லாதவர்களுக்காக ஏங்கினால் ஊர் தோளைத் தட்டிக்கொடுக்கும். ஞாயிறு தவறாமல் போனில் பேசுகிற அக்காவுக்காக ஏங்குகிறேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது? "சாப்டியா?" "சாப்டேன்." "அங்க மழையா?" "லேசா." "சரி, உடம்பைப் பார்த்துக்கோ." வைத்துவிடுவாள். மொட்டைமாடிச் சுவரில் ஏறி நின்று பருந்துகளுக்குப் பட்டப்பெயர் வைத்த அக்கா அந்தக் குரலில் எங்கேயும் இல்லை. போனை வைத்த பிறகு லிஃப்ட்காரர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு அந்தப் பழைய அக்கா வேண்டும். இந்த விமானம் பறந்தால் ஒருவேளை வருவாள் என்று ஒரு நப்பாசை.

வேலை ஆரம்பமானது. வீட்டின் கீழ்ப்பகுதியில் அவர் மனைவி சலவைக்கடை நடத்துகிறார். இஸ்திரி மேசையின் ஒரு ஓரம் விமானத்துக்கு ஒதுக்கப்பட்டது. அதற்கே ஒரு வாரம் கெஞ்ச வேண்டியிருந்தது. பெட்டியில் வெட்டாமல் மிச்சமிருந்த மரப்பலகை அப்பளமாக நொறுங்கியது. ரேடியோவுக்குள் பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. அதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டில்லை, லிஃப்ட்டின் மின்பலகையைவிடச் சின்ன விஷயம். சிக்கல் இறக்கையில்தான் வந்தது.

அவருடைய வலது இறக்கை நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. அக்காவுடையது முறுக்கிக்கொண்டிருந்தது. அவள் அவசரக்குடுக்கை, பசை காய்வதற்குள் பலகையிலிருந்து பிய்த்தெடுத்திருக்கிறாள். நுனியின் பின்விளிம்பு லேசாக மேலே தூக்கிக்கொண்டு நின்றது. புதிதாக ஓர் இடது இறக்கை செய்து, தன் வலதோடு சேர்த்தால் வேலை சுளுவாக முடியும். ஆனால் அவர் தன் இறக்கையை எடுத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டு, அக்காவுடையதற்கு ஜோடியாகப் புது இடது செய்தார்.

"நல்லா இருக்கறதை மாட்டிட்டு கோணலானதை வச்சுக்கறீங்களே?" என்றார் மனைவி.

"அது அக்கா செஞ்சது."

"சரி, குடுங்க. ஆவி காட்டினா ஒரு நிமிஷத்துல நேராயிடும். எத்தனை காலரை நிமிர்த்தியிருக்கேன்."

இஸ்திரிப்பெட்டி புஸ்ஸென்று மூச்சு விட்டது. இறக்கையை நீட்டப் போன கை பாதியில் நின்றுவிட்டது. அந்தக் கோணல் அக்காவின் அவசரம். அவள் விட்டுப்போனதில் அதுதான் மிச்சம். அதை நிமிர்த்திவிட்டால் அது யார் செய்த இறக்கையாகவும் இருக்கலாம்.

"வேண்டாம். புதுசையும் இதே மாதிரி கோணலாக்கிடு," என்றார்.

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தார். வழக்கமாக ஒரு நையாண்டி வரும் இடம் அது. வரவில்லை. புது இடது இறக்கையை எடுத்து, அக்காவுடையதைப் பக்கத்தில் வைத்து, ஆவி காட்டி, நுனியை மெல்ல முறுக்கி, ஆறும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டும் கண்ணாடிக்கு எதிரே நின்றவை மாதிரி ஆயின. மெல்லிய தாள் ஒட்டி, மெருகு பூசி முடித்ததும் லிஃப்ட்காரர் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினார். எது என் இறக்கை என்று கேட்பாள் என்று நாள் முழுக்கக் காத்திருந்தார். சாயங்காலம் பதிலுக்குப் போனில் ஒரு கட்டைவிரல் படம் மட்டும் வந்தது.

"விரலாவது வந்துச்சே," என்றார் மனைவி. அவர் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

இனி அந்த ரேடியோவின் குணம். அதில் ஒரே ஒரு பொத்தான். அழுத்தினால் வால் இடப்பக்கம் திரும்பும், விட்டால் நேராகும். அடுத்த முறை அழுத்தினால் வலப்பக்கம். அதற்கடுத்தது மறுபடி இடம். கடைசியாக எந்தப் பக்கம் போனோம் என்பதை அழுத்துகிறவர்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். லிஃப்ட்காரருக்கு மீசை அரும்பிய அந்த வயதிலேயே ஞாபகம் ஓட்டைப் பானை. ஆகவே மொட்டைமாடியில் வெறும் வாலை மட்டும் வைத்துக்கொண்டு இருவரும் பழகியபோது இவர் அழுத்துவார், அக்கா கணக்கு வைப்பாள். "அடுத்தது எது?" என்று இவர் கேட்க வேண்டும், அவள் சொல்ல வேண்டும். அதுதான் ஒப்பந்தம்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் புல் மேடு ஒன்று உண்டு. மாலையில் காற்று சரிவில் ஏறி வரும். ஒரு விடுமுறை நாளில் கணவனும் மனைவியும் அங்கே போனார்கள். மனைவி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார்.

"நான் படம் புடிக்கிறேன். நீங்க பாட்டுக்கு விடுங்க."

லிஃப்ட்காரர் விமானத்தைத் தூக்கிப் பிடித்தார். முப்பது வருஷத்துக்கு மேல் பத்திரமாக இருந்த இறக்கை. விழுந்தால் அக்காவின் கை பட்டது என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது. திரும்பிப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. பிறகு ஓடினார், எறிந்தார்.

அது விழவில்லை. முதலில் கொஞ்சம் தயங்கியது, பிறகு காற்று அதை மடியில் ஏந்திக்கொண்டது. இரண்டு கோணல் நுனிகளும் சேர்ந்து அதை அடக்கி வைத்திருந்தன. திமிறாமல், அவசரமே இல்லாமல் போனது. அவசரக்குடுக்கை செய்த இறக்கை அப்படி நிதானமாகப் போனதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. இடப்பக்கம் ஒரு தட்டு. வலப்பக்கம் ஒரு தட்டு. பிறகு காற்று ஒருமுறை புரட்ட, பதறிப்போய் ஏதோ தட்டினார், ஒருமுறையா இருமுறையா தெரியவில்லை. விமானம் மெல்ல இடப்பக்கம் சாய்ந்து மரங்களை நோக்கிப் போனது. வலது திருப்ப வேண்டும். இப்போது அழுத்தினால் வலது வருமா, இடது வருமா? இடது வந்தால் நேரே கிளைக்குள்தான்.

அவர் வாய் தானாகக் கேட்டது. யாரை என்று யோசிக்கவில்லை.

"அடுத்தது எது?"

"வலது."

மனைவியின் குரல் இல்லை அது. அவர் அழுத்தினார், அழுத்தியபடியே பிடித்திருந்தார். விமானம் மரத்தை விட்டு விலகி, அகலமாக ஒரு வட்டம் அடித்து, சரிவின் மேல் வந்தது. அதற்குப் பிறகு அவர் பொத்தானைத் தொடவில்லை. அது தானாக இறங்கிப் புல்லில் உட்கார்ந்தது.

மனைவி போனை நீட்டினார். "நான்தான் கூப்பிட்டேன். சும்மா பாருங்க அண்ணி, பேச வேண்டாம்னு சொல்லியிருந்தேன்."

திரையில் அக்கா. முடி நரைத்திருந்தது, கண்ணாடி போட்டிருந்தாள். பின்னால் ஏதோ அலுவலகத்துச் சுவர். சாப்டியா என்று கேட்டுவிடுவாளோ என்று அவருக்குப் பயமாக இருந்தது.

"வலது இறக்கை என்னுதுதானே?" என்றாள்.

"ஆமா."

"ஏன்டா அதை நேராக்கல?"

"தோணல அக்கா."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள். மறுபடி போட்டுக்கொண்டபோது குரல் மாறியிருந்தது, மொட்டைமாடிச் சுவர் மேலிருந்து வருகிற குரல்.

"போய் எடுத்துட்டு வா. இன்னொரு தடவை விடு. நான் பார்த்துட்டுதான் இருக்கேன்," என்றாள். "அடுத்தது இடது."