ஆறு பின்னோக்கி வந்த நாள்

கையை உயர்த்தி எங்களை அமைதியாக்கிவிட்டு, தண்ணீர் வரும் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி ஆற்றங்கரையில் நின்ற என் டேனிஷ் ஆசிரியரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மனிதர் செத்து, நல்ல முறையில் அடக்கமும் முடிந்தது. செத்தவரைப் பற்றிக் குறை பேசக்கூடாது என்பார்கள். பேசாமல் இருந்து நான் கண்ட சுகம் போதும்.

டென்மார்க்கின் மேற்கு யூலாந்தில் ஒரு சின்ன ஊர். அகதிகளாக ஏற்றுக்கொள்ளப்பட்ட எங்கள் சிலரை ஒரே வீட்டில் குடிவைத்திருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே காத்திருப்பு: மனைவி பிள்ளைகளைக் கூப்பிடக் கொடுத்த விண்ணப்பம். சட்டம் எங்களுக்கு அந்த உரிமையைத் தந்திருந்தது. கோப்பன்ஹேகனில் அந்த விண்ணப்பங்களை வேண்டுமென்றே தூங்கவிட்டிருந்தார்கள் என்பது சில வருடங்களின் பின்தான் நாறியது. ஆசிரியருக்கும் அது தெரிந்திருக்காது. ஆனால் எல்லாம் தெரிந்தவர் போல, "பாரெ ரோலி", பதறாதே, என்பார். டென்மார்க்கில் எல்லாம் அதனதன் நேரத்தில் ஒழுங்காக நடக்குமாம். அவருடைய மனைவி பின்னேரமானால் சைக்கிளில் வீட்டுக்கு வந்துவிடுவாள். அவருக்கென்ன, சொல்லலாம்.

ஊரெல்லாம் பொழுதுபட நெருப்பு மூட்டிப் பாட்டுப் பாடும் சாங்க்ட் ஹான்ஸ் நாளில், வகுப்புக்குத் தெப்பப் பயணம் என்று அறிவித்தார். மரங்களையும் நீலப் பிளாஸ்டிக் பீப்பாய்களையும் சேர்த்துக் கட்டிய தெப்பம். ஆற்றோடு கழிமுகம் வரை போய், மதியச் சாப்பாட்டுக்கு பஸ்ஸில் வீடு திரும்புவதாகப் பேச்சு. அன்று பின்னேரம் என் மனைவி எங்கள் வீட்டுத் தொலைபேசிக்கு எடுப்பதாக இருந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து மகளையும் தூக்கிக்கொண்டு வந்து கொழும்பில், கொட்டாஞ்சேனை லொட்ஜ் ஒன்றில் நின்றாள்; அங்கே நான் கூப்பிட ஒரு நம்பரும் இல்லை. நான் அவளுக்குச் சொல்லவேண்டியது ஒன்றுதான்: ஊருக்குத் திரும்பாதே, என்ன பாடுபட்டும் கொழும்பிலேயே நில்.

கழிமுகத்துக்குக் கிட்டத் தெப்பத்தைக் கரை சேர்த்த ஆசிரியர் காற்றை மோந்து பார்த்தார். கடல் பக்கமிருந்து மேல்காற்று பலமாக வீசியது. முழுநிலாப் பெருக்கு வேறு. இப்படியான நாளில் கடல் அலையாக ஆற்றுக்குள் ஏறிவரும், அதன் முதுகில் நாங்களும் மேலே போகலாம், இது வாழ்நாளில் ஒருமுறைதான் கிடைக்கும் என்றார். எங்களை ஏற்ற வந்த பஸ்ஸைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

எங்கள் பக்கத்தில் எவ்வளவு பெரிய காரியத்தையும் "ஒரு சின்ன அலுவல்" என்றுதான் சொல்வோம். சம்பந்தம் பேசப் போனாலும் சின்ன அலுவல், காணி வழக்குக்குப் போனாலும் சின்ன அலுவல். கேட்கிறவனுக்கு விளங்கும். நான் அதை அப்படியே டேனிஷில் சொன்னேன்: வீட்டில் ஒரு சின்ன அலுவல் இருக்கிறது, நேரத்தோடு போகவேண்டும். அவர் சிரித்து என் தோளில் தட்டினார். சின்ன அலுவல் நாளைக்கும் இருக்கும், இந்த அலை இருக்காது என்றார்.

எங்கள் வீட்டில் மூத்தவரான மன்னார் அண்ணை என் கையைப் பிடித்து இழுத்தார். "தம்பி, மனிசி ஃபோன் எடுக்கிறா எண்டு வாயைத் திறந்து சொல்லு."

"வாத்தியாரோட வீட்டுக் கதையை எப்பிடி அண்ணை கதைக்கிறது?"

வாத்தியார் முன் கையைக் கட்டி நின்று வளர்ந்தவன் நான். அது என் பிழை என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். என் முகத்தைப் பார்த்திருந்தால் எவருக்கும் விளங்கியிருக்கும். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியமெல்லாம் போனபின் ஒருவழியாக அது வந்தது. முழங்கால் உயரம்கூட இல்லை. சேற்று நிறத்தில், கரையோர நாணலைச் சரித்துக்கொண்டு சீறி வந்தது. தெப்பம் ஒருமுறை சுழன்று, மூக்கைத் தூக்கி, ஆற்றுக்கு எதிராக ஓடத் தொடங்கியது. எல்லோரும் கூச்சலிட்டார்கள். மன்னார் அண்ணைகூடச் சிரித்தார். உண்மையைச் சொன்னால் அழகாகத்தான் இருந்தது. அந்த அழகுக்காகவும் அவரை வெறுக்கிறேன்.

ஆளில்லாத வீட்டில் தொலைபேசி அடித்து அடித்து ஓய்ந்திருக்கிறது. என்னிடமிருந்து ஒரு சொல்லும் கிடைக்காமல், அடுத்த நாள் காலையே அவள் மகளோடு யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறிவிட்டாள். பிறகு சண்டை மறுபடி மூண்டது, பாதை பூட்டுப்பட்டது. விண்ணப்பங்களைத் தூங்கவிட்டவர்களின் குட்டு வெளிப்பட்டு, அனுமதி கிடைத்தபோது, அவள் தனியாகத்தான் வந்து இறங்கினாள். மகளை மலேரியா கொண்டுபோய்விட்டது. ஊருக்கு மருந்து வரவில்லை.

அன்றைக்கு நான் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருந்ததாக அவளுக்குச் சொல்லிவைத்திருந்தேன். ஒவ்வொரு வருடமும் சாங்க்ட் ஹான்ஸ் நெருப்பைப் பார்க்கும்போது, "நான்தான் நம்பரை மாறி அடிச்சிட்டன்" என்று அவள் சொல்வாள். நான் நெருப்பைப் பார்ப்பேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் கோல்டிங் நகரில் ஒரு கடைவாசலில் ஆசிரியர் எங்களைப் பிடித்துக்கொண்டார். தடியூன்றி நின்றபடி என் மனைவியிடம் அந்தப் பயணத்தை விவரித்தார். சாங்க்ட் ஹான்ஸ் நாள், அப்படியொரு அலை, வீட்டில் ஒருவரும் தங்கவில்லை, பொழுதுபடும் வரை எல்லோரும் ஆற்றில்தான், உன் கணவரும்தான் என்றார். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற அவளுக்கு டேனிஷ் என்னைவிட நன்றாகத் தெரியும். மரியாதையாகச் சிரித்து அவருக்குக் கை கொடுத்தாள். அதற்குப் பிறகு நெருப்பைப் பார்க்கும்போதும் நம்பர் மாறிய கதையை எடுக்கவில்லை.

சென்ற மாதம் அவர் இறந்த செய்தி வந்ததும், தன் காசில் பூ வாங்கி வந்தாள். அடக்கத்துக்குப் போக வெளிக்கிட்டு நின்றாள்.

"அந்தாளுக்கு எதுக்குப் பூ?" என்று கேட்டேன்.

"இவ்வளவு வருசமா என்ர தலையில கிடந்த பழியை அந்த மனிசன்தான் இறக்கி வைச்சது," என்றாள். "நீங்கள் வைக்கேல்ல."