லண்டன் சிரிப்பும் அப்பாவின் விளக்கமும்

அப்பாவுக்கு அந்த இங்கிலீஷ் உண்மையிலேயே விளங்கியதா, இல்லையா? எனக்குப் பிள்ளை பிறந்து, அவள் மொன்டிசோரி போகும் வயதும் வந்துவிட்டது. இந்தக் கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் தெரியவில்லை. தெரியாமலே இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் இப்போது எங்கள் அலுமாரியில், என் கல்யாணச் சேலைக்குக் கீழே, ஒரு சீடி இருக்கிறது. லண்டன் வானொலியின் பழைய நகைச்சுவை நிகழ்ச்சிகள். அப்பாவுக்காகத்தான் வரவழைத்தோம். கொடுத்தால் அவர் குழந்தை மாதிரி மகிழ்ந்துபோகலாம். அல்லது மருமகன் முன்னால், பேத்தி முன்னால், பதில் சொல்ல முடியாமல் கூச்சப்பட்டு நிற்கவும் நேரலாம். அப்படி அவர் நின்று நான் பார்த்ததில்லை. பார்க்கவும் விருப்பமில்லை.

அப்பா தெஹியோவிட்டப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் கிளாக்கராக இருந்தார். கொழும்புக்குப் போகிற அறிக்கைகளை எல்லாம் அவர்தான் இங்கிலீஷில் எழுதுவார். மழையால் பால் வெட்டு நடக்கவில்லை என்பதை அத்தனை மரியாதையாக வேறு யாரும் எழுதியிருக்க முடியாது. ஆனால் எழுதுவதுதான், அவர் இங்கிலீஷ் பேசி நாங்கள் யாரும் கேட்டதில்லை. தோட்டத்தை நிர்வகித்த தொரை சிங்களவர், அப்பாவிடம் சிங்களத்திலேயே பேசுவார். லயத்து வீடுகளில் இருந்த தொழிலாளர்களிடம் தமிழ். இங்கிலீஷ் பேச அவருக்கு ஆளே இல்லை.

கேட்பதற்கு மட்டும் ரேடியோ இருந்தது. தொண்ணூறுகளில் ஞாயிறு பின்னேரங்களில் சிற்றலையில் லண்டன் ஸ்டேசன் கிடைக்கும். அப்பா பள்ளிக்கூடம் போன காலத்து நாடகங்களையும் பாட்டுகளையும் அவர்கள் திரும்பத் திரும்பப் போட்டார்கள். ஏரியல் கம்பி ஜன்னல் வழியாக வெளியே போய் ரம்புட்டான் மரத்தில் கட்டப்பட்டிருந்தது. அம்மா அதைத் துணி காயப்போடும் கொடியாகவும் பயன்படுத்துவார். ஈரப் பெட்சீட் ஏறினால் லண்டன் மூழ்கிவிடும். அப்பா எழுந்துபோய் பெட்சீட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்து உட்காருவார். நனைந்த தோளோடு அவர் லண்டன் கேட்ட நாட்கள் பல.

நிகழ்ச்சியில் ஒருவர் ஏதோ சொல்வார். உடனே ஒரு மண்டபமே சிரிக்கும். ஆரம்பத்தில் அப்பா ஒவ்வொன்றாக எங்களுக்கு விளக்கப் பார்த்தார். ஒன்றை விளக்கி முடிப்பதற்குள் லண்டனில் மூன்று முறை சிரித்துவிடுவார்கள். அதனால் ஒரு சட்டம் வந்தது.

“மொதல்ல சிரிங்க. அர்த்தம் அப்புறம் சொல்றேன்.”

நாங்கள் கீழ்ப்படிந்த பிள்ளைகள். லண்டன் சிரித்ததும் நாங்களும் சிரித்தோம். அண்ணன் சத்தமாக, நான் அளவாக. அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, யாருக்கோ கடன் கழிப்பது மாதிரி சிரிப்பார். அடுத்த குவாட்டர்ஸில் இருந்த, ரப்பர் பெக்டரியைப் பார்த்துக்கொண்ட சிங்கள மாத்தயாவின் மனைவியும் வருவார். நோனா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். எங்கள் எல்லோரையும்விட நன்றாகச் சிரித்தவர் அவர்தான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்துவிட்டு, அதன் பிறகே கேட்பார்:

“அனே மாத்தயா, மொகத கிவ்வே?”

என்னதான் சொன்னான் என்று தெரிந்துகொள்ள அவருக்கும் ஆசை இருக்காதா? அப்பா அவருக்குச் சிங்களத்திலும் எங்களுக்குத் தமிழிலும் தனித்தனியாக விளக்குவார். சிக்கல் அங்கேதான் தொடங்கியது. அம்மாவுக்கு இரண்டு பாஷையும் சுத்தமாகத் தெரியும்.

ஒரு நாள் தமிழில் ஒரு குடியானவனின் ஆடு கிணற்றில் விழுந்து செத்துப்போனது. சிங்களத்தில் அதே ஆடு ஏலத்தில் நல்ல விலைக்குப் போனது. நோனா சிரித்தபடி வீட்டுக்குப் போன பிறகு, அம்மா சுளகைக் கீழே வைத்தார்.

“ஏங்க, தமிழுக்குச் செத்த ஆடு சிங்களத்துக்கு எப்படிங்க பொழச்சுச்சு?”

அப்பா அசரவில்லை. “ஒவ்வொரு பாஷைக்காரங்களுக்கும் ஒவ்வொரு எடத்துலதான் சிரிப்பு வரும். அதுக்கேத்த மாதிரி சொன்னாத்தான் வெளங்கும்.”

“அப்ப லண்டன்காரனுக்கு ஆடு என்னாச்சு?”

“அவனுக்கு அது ஆடே இல்ல,” என்று சொல்லிவிட்டு அப்பா ரேடியோவைச் சரிசெய்யப் போய்விட்டார்.

இதை அம்மா பல வருஷம் விடவில்லை. வீட்டில் யார் எதை மாற்றிச் சொன்னாலும், “இது தமிழ் ஆடா, சிங்கள ஆடா?” என்று கேட்பார்.

நகைச்சுவை முடிந்ததும் பாட்டு வரும். பழைய நடன இசை. நேயர்கள் கேட்ட பாட்டுகள். அதற்கு விளக்கம் தேவையில்லை. அந்த நேரம் அப்பாவின் தோள்கள் தளர்வதை நான் கவனித்திருக்கிறேன். நகைச்சுவை கேட்கும்போது நெற்றியைச் சுருக்கி, பரீட்சை எழுதுகிறவர் போல இருப்பார். பாட்டு வந்ததும் கால் தாளம் போடும். விளங்காததால் வந்த இறுக்கமா, அல்லது எல்லாம் விளங்கியதால் எங்களுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்த இறுக்கமா? அம்மாவிடம் கேட்டால், தையல் மெசின் ஓடுகிற மாதிரி இருக்கிற அந்தப் பாட்டுக்குத் தாளம் போட எந்தப் படிப்பும் வேண்டாம் என்றுதான் சொல்வார்.

உயர்தர வகுப்பில் என் இங்கிலீஷ் கொஞ்சம் தேறியது. அப்போதுதான் ஒரு ஞாயிறு, என் வாழ்க்கையிலேயே முதன்முறையாக, ஒரு நகைச்சுவை முழுதாக என் காதில் விழுந்தது. ஒருவர் தொப்பலாக நனைந்து வீட்டுக்கு வருகிறார். கையில் மடக்கிய குடை. ஏன் விரிக்கவில்லை என்று கேட்கிறார்கள். புதுக்குடை, நனைந்துவிடும் என்கிறார். நான் மண்டபத்தோடு சேர்ந்து, யாரும் சொல்லாமல் சிரித்தேன். பிறகு ஆவலாக அப்பாவின் விளக்கத்துக்குக் காத்திருந்தேன்.

அப்பா சொன்னது வேறு. ஒரு கங்காணி புதுச் செருப்பு வாங்கினாராம். வழியெல்லாம் சேறும் அட்டையுமாம். செருப்பு அழுக்காகிவிடும் என்று அதைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு நடந்தாராம்.

பிடிபட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். குடையே இல்லையே. அம்மாவிடம் ஓடிச் சொல்ல வாயெடுத்தவள் நின்றுவிட்டேன். குடையும் செருப்பும் வேறுதான். ஆனால் இரண்டு மனிதரும் ஒரே முட்டாள்தனத்தைத்தானே செய்கிறார்கள்? அப்படியென்றால் அப்பாவுக்கு முழுவதும் விளங்கி, எங்களுக்காக அதற்கு வேறு சட்டை மாட்டியிருக்கிறார். அல்லது குருட்டாம்போக்கில் ஒரு கதை சொல்ல, அது அன்றைக்குப் பொருந்திவிட்டது. எனக்கு விளங்கியது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றை வைத்துத் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எதையும் இரண்டு தடவை யோசிக்கிற என் குணம் அப்போதே முற்றியிருந்தது.

என்னைப் பெண் பார்க்க வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். மாப்பிள்ளை கொடகவெலயில் இங்கிலீஷ் ஆசிரியர். அதைக் கேட்டதிலிருந்து அம்மா அப்பாவிடம், இன்றைக்கு ஒரு நாள் ரேடியோவுக்கு லீவு கொடுக்கலாமே என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அப்பா கேட்கவில்லை. படித்த பிள்ளை, ரசிப்பார் என்று போட்டுவிட்டார்.

மழை நாள். லண்டன் விசிலும் இரைச்சலுமாக வந்தது. மண்டபம் சிரித்தது, பழக்கதோஷத்தில் நாங்கள் எல்லோரும் ஒன்றாகச் சிரித்தோம். மாப்பிள்ளை வீட்டார் எங்களைத் திகைப்போடு பார்த்தார்கள். அப்பா மாப்பிள்ளை பக்கம் திரும்பினார்.

“தம்பிக்கு வெளங்குச்சுங்களா?”

அம்மாவின் கையிலிருந்த பலகாரத் தட்டு அப்படியே நின்றது. இவர் உள்ளதைச் சொன்னால் அப்பாவின் இத்தனை வருஷ விளக்கமும் போச்சு.

“இரைச்சலா இருந்துச்சுங்க மாமா. நீங்களே சொல்லுங்களேன்.”

அப்பா சொன்னார். ஒரு போஸ்ட்மாஸ்டரும் இரண்டு பூசணிக்காயும் அதில் வந்தன. மாப்பிள்ளை தேநீர் புரையேறும் அளவுக்குச் சிரித்தார். என் சம்மதம் என்ன என்று அதற்குப் பிறகு யாரும் என்னிடம் கேட்கவேயில்லை. கேட்டிருந்தாலும் சம்மதம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

கல்யாணத்துக்குப் பிறகு அவரிடம் கேட்டேன். லண்டன்காரன் அன்று உண்மையில் என்ன சொன்னான்?

“எனக்கும் வெளங்கலம்மா. அந்த வேகத்துல பேசுனா எந்த வாத்தியாருக்கு வெளங்கும்? பூசணிக்காய்க்குத்தான் சிரிச்சேன்.”

ஆக, அந்தச் சாட்சியும் உதவவில்லை.

பிறகு அந்த நிகழ்ச்சிகள் குறைந்து நின்றுபோயின. அப்பாவும் ஓய்வு பெற்றார். ஞாயிறு வந்தால் ரேடியோவைத் திருப்பிப் பார்த்து, செய்தி மட்டும்தான் வருகிறது என்று அலுத்துக்கொள்கிறாராம். அதைக் கேட்டு வருத்தப்பட்டு, என் கணவர்தான் லண்டனிலுள்ள தன் நண்பரிடம் சொல்லி இந்தச் சீடியை வரவழைத்தார். நல்ல மனதோடு செய்தார். வீட்டில் ஒருமுறை போட்டும் பார்த்தோம்.

ஒரு துளி இரைச்சல் இல்லை. டிக்டேசன் சொல்கிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக விழுகிறது. என் கணவருக்கு எல்லாம் விளங்குகிறது. எனக்கும் பாதிக்கு மேல் விளங்குகிறது. பாதியிலேயே நிறுத்தி, சீடியைச் சேலைக்குக் கீழே வைத்துவிட்டேன்.

காரணம் என் மகள். நாலு வயது. டீவியில் சிரித்தால் சிரிக்கிறாள். ஒருமுறை எங்கள் முகத்தைப் பார்த்துக்கொள்கிறாள், பிறகு சிரிக்கிறாள். பிள்ளைக்கு ஏதும் குறையோ என்று பயந்து, இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் காட்டலாமா என்றுகூட என் கணவரிடம் கேட்டேன். “ஒங்க வீட்டுப் பரம்பரைச் சொத்தும்மா,” என்று அவர் என்னைக் கிண்டல் செய்தார். ஆனால் அவள் என்னிலிருந்து ஒன்றில் மாறுபடுகிறாள். சிரித்து முடித்ததும் உடனே அர்த்தம் கேட்கிறாள். நான் சரியான அர்த்தத்தைச் சொன்னால் முகம் சப்பென்று போய்விடுகிறது. அவளுக்குத் தாத்தா சொல்லும் அர்த்தம்தான் பிடிக்கும். இந்தச் சீடி ஓடும்போது அவள் அவர் மடியில்தான் இருப்பாள். பக்கத்தில் இங்கிலீஷ் ஆசிரியரான மருமகன். நடுவில் ஒளிந்துகொள்ள இரைச்சல் இல்லை.

என் கணவர் நான் வீணாகக் குழம்புவதாகச் சொல்கிறார். மாமாவுக்கு எல்லாம் விளங்கும், விளங்காவிட்டாலும் சமாளிப்பார், பெண் பார்க்க வந்த அன்றைக்கு மாதிரி நானும் அவரையே சொல்லச் சொல்வேன் என்கிறார். அவர் சமாளிப்பதை நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று அப்பாவுக்குத் தெரிந்துவிட்டால்? அதை நினைத்துத்தான் போன மாதம் அம்மாவிடம் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். இத்தனை வருஷம் கூட இருந்தவர், அவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்தேன்.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார்: “குடுக்கிறதுன்னா குடு. கொஞ்சம் இரைச்சலும் சேத்துக் குடு. இரைச்சல் இல்லாட்டி ஒங்கப்பாவுக்குக் காது கேக்காது.”

அம்மா வழக்கம்போலக் கிண்டல் செய்தாரா, அல்லது அப்பாவைக் காப்பாற்றச் சொன்னாரா? திரும்பக் கேட்டதற்கு, வெங்காயத்தைக் காட்டிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் அப்பாவின் பிறந்தநாள். எல்லோரும் தெஹியோவிட்டைக்குப் போகிறோம். ஒரு மனம், கொடு, நல்ல சத்தத்தில் ஒரு தடவையாவது அவர் கேட்கட்டும் என்கிறது. இன்னொரு மனம், பேசாமல் ஒரு சாரமும் சட்டையும் வாங்கிக்கொண்டு போ என்கிறது. கொடுத்துவிட்டு, எல்லோரும் எழுந்து வெளியே போய், அவரைத் தனியாகக் கேட்க விட்டால் என்ன என்றும் யோசித்தேன். ஆனால் யாரும் கூடச் சிரிக்காத வீட்டில் அவர் அதைக் கேட்பாரா? உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு அப்பா இருந்து, இப்படி ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் நின்றதுண்டா? கொடுத்தீர்களா, மறைத்தீர்களா? கொடுத்திருந்தால், யாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொடுத்தீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள். நான் இன்னும் பரிசைப் பொதிகட்டவில்லை.