கேஸ் யாருக்கு, கரி யாருக்கு

சிலிண்டரைத் தூக்கிக் காதோரம் வைத்து ஓர் ஆட்டு ஆட்டிவிட்டு, வேம்புலியம்மாள் கண்ணை மூடிக்கொள்கிறார். உள்ளே ஏதோ லேசாக அலம்புகிறது. “ரெண்டு நாளு தாங்கும்” என்று சொல்லி இறக்கி வைக்கிறார். சின்ன சிலிண்டர்தான், அஞ்சு கிலோ. ஆனாலும் இந்த ஒரு மாதமாக அவர் அதைக் கைக்குழந்தையைப் போலத்தான் தூக்கி இறக்குகிறார்.

ஆவடிப் பக்கம் கோவில்பதாகையில் எங்கள் அபார்ட்மெண்ட் மதிலை ஒட்டி நிற்கிறது அவருடைய இஸ்திரி வண்டி. பதினெட்டு வருடமாக அதே இடம். நிழல் தந்துகொண்டிருந்த தூங்குமூஞ்சி மரம் ஒரு புயலில் சாய்ந்துவிட்டது. இப்போது நான்கு கம்பு நட்டு ஒரு கல்யாண ஃபிளெக்ஸைக் கட்டியிருக்கிறார். யாரோ ஒரு மாப்பிள்ளையும் பெண்ணும் அவர் தலைக்கு மேலே குப்புறக் கிடந்து சிரிக்கிறார்கள். மே மாத வெயில் அவர்களைத் தாண்டி இறங்கிவிடுகிறது. அம்மாளுக்கு ஐம்பத்து மூன்று வயது. உடம்பு ஒல்லி, பேச்சு அப்படியில்லை. என்னைப் போன்ற ஐ.டி. கம்பெனிக்காரர்களின் சட்டைமேல் அவருக்குப் பெரிய மரியாதை கிடையாது. “ஊட்லயே குந்திகினு லேப்டாப் பாக்கறதுக்கு இஸ்திரி எதுக்கு சார்?” என்பார்.

மரியாதையெல்லாம் யூனிஃபாரத்துக்குத்தான். ஆவடி முகாம்களிலிருந்து விமானப்படை நீலமும் துணை ராணுவக் காக்கியும் வரும். அவற்றைத் தொடுமுன் கையைக் கழுவிக்கொள்வார். எங்கே போகிறாய் என்று யாரையும் கேட்பதில்லை. துணியே சொல்லிவிடுமாம். “எல்லா செட்டும் ஒண்ணா வந்தா மாத்தல். இந்த வேகாத வெயில்ல கம்பளி வந்திச்சுன்னா பனி கொட்ற எடம். பார்டரு.” டிவியில் செய்தி வருவதற்கு இரண்டு நாள் முன்பே எல்லையில் ஏதோ புகைகிறது என்பது எங்கள் தெருவில் இவருக்குத்தான் தெரியும். இது ஒருமுறை அப்படியே பலித்தது.

நான்கு வருடங்களுக்கு முன்புதான் கரியை விட்டு, சிலிண்டரோடு குழாய் மாட்டிய கேஸ் இஸ்திரிப் பெட்டிக்கு வந்தார். ஆசைப்பட்டு வந்ததில்லை. பதினாலு வருடக் கரிப்புகை நெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, நாலு படி ஏறினால் உள்ளே விசில் அடித்தது. இனிமேல் கரியைத் தொட்டால் தொழிலையே விட வேண்டியிருக்கும், மூச்சுக்கும் உத்தரவாதமில்லை என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கேஸ் வந்த பிறகு இளைப்பு அடங்கியது. “அப்புறந்தான் சார் ராத்திரில மல்லாக்கப் படுத்தேன்” என்பார்.

போன மாதம் வளைகுடாப் பக்கம் சண்டை மூண்டது. கப்பல்கள் நின்றன, அதோடு சிலிண்டர் வரத்தும் நின்றது. “எங்கியோ கடல்ல கப்பல மறிச்சிட்டானுங்களாம். அதுக்கு என் நெஞ்சு இன்னா சார் பண்ணும்?” என்று கேட்டார்.

தினமும் இரண்டு மணி நேரம் உலக அரசியல் வீடியோ பார்க்கும் நான், கரண்டு பெட்டி வாங்கலாமே என்றேன். தெருவில் நிற்கிற வண்டிக்கு ஏது மீட்டர்? எங்கள் மொட்டைமாடியில் சோலார் தகடுகள் வரிசையாகப் பளபளக்கின்றன. அங்கிருந்து ஒரு வயர் இறக்கலாமா என்று சங்கக் கூட்டத்தில் கேட்டுப் பார்த்தேன். விதியில் இடமில்லை என்றார்கள். நானும் அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. விஷயத்தைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. “மேல சூரியன்ல கரண்டு எடுக்கறாங்களாமே. அதே சூரியன்லதான் கீழ நான் வெந்துகினு கீறேன்” என்றார்.

கடைசியில் அவரே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். பரணிலிருந்து பழைய கரிப்பெட்டி இறங்கியது. எங்கள் சட்டைகளுக்குக் கரி, யூனிஃபாரத்துக்கு மட்டும் மிச்சமிருக்கும் கேஸ். கரி என்றால் பொறி பறக்கும். யூனிஃபாரத்தில் பொட்டு அளவு ஓட்டை விழுந்தாலும் அதைப் போடுகிற பிள்ளை பரேடில் திட்டு வாங்கும். என் வெள்ளைச் சட்டையில் சாம்பல் தீற்றியிருந்ததை அவரிடம் காட்டினேன். “உங்கள யாரு சார் அட்டென்சன்ல நிக்கவெச்சிப் பாக்கப் போறாங்க?” என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அந்த விசில் திரும்பி வந்திருந்தது.

நேற்று மாலை ஜெகதீஷ் வந்தான். திண்டிவனத்துப் பையன், துணை ராணுவத்தில் கான்ஸ்டபிள். மறுநாள் காலை வடக்கே ரயில். அவன் கம்பளிக் கோட்டை நீட்டியதும் கையைக் கழுவிக்கொண்டு வந்து வாங்கினார். கேஸ் பெட்டியைப் பற்றவைத்தார். முதுகு முடிந்தது, வலது கை முடிந்தது. இடது கைக்கு வரும்போது தீ இரண்டு முறை துள்ளி அணைந்துவிட்டது. சிலிண்டரைச் சாய்த்தார், தட்டினார். ஒன்றுமில்லை.

“விடுங்கக்கா, ஒரு கைதானே. அந்தப் பனியில யாரு பாக்கப் போறா?” என்றான் ஜெகதீஷ்.

“பனி பாக்காது நைனா, உன் ஆபீசரு பாப்பாரு. குந்து.”

கரியைப் போட்டு விசிறினார். புகை முகத்துக்கு நேராக எழுந்தது. துண்டு ஒன்றை நனைத்துப் பிழிந்து, மூக்கையும் வாயையும் மூடி இறுக்கிக் கட்டிக்கொண்டார். கரி தணலானதும் பெட்டியைத் தூக்கிக் கோட்டின் அருகே கொண்டுபோனார். மூடியின் இடுக்கிலிருந்து ஒரு பொறி தெறித்து, கம்பளிக்கு ஒரு விரற்கடை தள்ளி விழுந்து அணைந்தது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

முகத்தில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறி, கோட்டின் இடது கைமேல் சுருக்கமில்லாமல் விரித்தார். வாயை இறுக மூடிக்கொண்டு, அதன்மேல் கரிப்பெட்டியை வைத்து அழுத்தினார்.