சந்தனம் பூசிய இரண்டு கைப்பேசிகள்

"ஆயுத பூசை. காலை 10.42 மச்சானின் கைப்பேசி. 10.44 என்னுடையது. 10.47 அக்காவுடையது. கூப்பிட்டவர் ஒருவரே."

கடந்த ஆண்டு ஆயுத பூசை நாளுக்கு என் நாட்குறிப்பில் இவ்வளவுதான் இருக்கிறது. சாதாரண நாளுக்கே ஒரு பக்கம் எழுதுகிறவன் அன்று ஐந்து வாக்கியத்தோடு நிறுத்திவிட்டேன். பக்கத்தில் அன்றைய நாட்காட்டித் தாளைக் கிழித்து ஒட்டியிருக்கிறேன். அதன் மூலையில் உள்ள மஞ்சள் கறை சந்தனம். அந்த ஐந்து நிமிடங்களை விரிவாக எழுதிவைக்க வேண்டும் என்று ஓராண்டாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மச்சான் என்று நான் எழுதுவது என் மனைவியின் தம்பியை. ஈப்போவின் ஜெலாப்பாங்கில் பள்ளி வேன் ஓட்டுகிறார். அவரிடம் ஐபோன். என்னிடம் ஆண்ட்ராய்டு. நான்கு ஆண்டுகளாக எங்களுக்குள் இது ஒரு வழக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் புந்தோங்கில் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில் சந்திப்போம். ஒரே தோசையை இருவரும் படம் எடுப்போம். எதில் தோசை உண்மையான நிறத்தில் இருக்கிறது, எதில் சட்னியின் கடுகு எண்ணும்படி தெரிகிறது என்று வாதிடுவோம். முடிவுகளை ஒரு தனி நோட்டில் தேதியோடு குறித்து வந்தேன். எந்தக் கைப்பேசி மழையில் நனைந்தது, எது வெயிலில் சுட்டது, எதற்கு எப்போது புதிய பதிப்பு வந்தது எல்லாம் அதில் உண்டு. பெரும்பாலும் நான்தான் வென்றிருந்தேன்.

"எழுதுறது நீங்க, தீர்ப்பு சொல்றதும் நீங்க. இது என்ன கோர்ட்டு மச்சான்?" என்பார் அவர்.

"தேதி போட்டிருக்கேன். வேணும்னா மறுபடி சோதிச்சுப் பாருங்க."

"ஆண்ட்ராய்டுல தோசை எடுத்தா ஆரஞ்சு கலரா இருக்கு. அது தோசையா, பப்பாளியா?"

கடைக்கார அண்ணன் மேசையைத் துடைத்தபடி, "ரெண்டு பேரும் தோசைய ஆற வச்சிட்டீங்க. சாப்பிடுங்கலா," என்பார். எங்கள் வழக்கில் வந்த ஒரே நியாயமான தீர்ப்பு அதுதான்.

என் அக்கா ஹுத்தான் மெலிந்தாங்கில் இருக்கிறார். அக்காவும் நானும் ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். தோட்டம் எண்ணெய்க்கான செம்பனைக்கு மாறியபோது அவர் கணவரோடு கடற்கரைப் பக்கம் போனார். கணவர் காலமான பிறகு இறால் கொட்டகையில் தோல் உரிக்கும் வேலை. கைக்கத்தி, உப்புத் தண்ணீர், பனிக்கட்டி. கண்ணில் புரை விழுந்து முற்றியதும் முதலில் தோல் துண்டுகள் சதையோடு போயின. ஒருநாள் ஒரு முழுக் கூடை திரும்பி வந்தது. அடுத்து விரல்களில் வெட்டுக் காயங்கள். கொட்டகை முதலாளியான தவுக்கே நல்ல மனிதர். தீபாவளி வரை அக்காவின் இடத்தை வைத்திருப்பதாகவும், அதற்குமேல் முடியாது என்றும் சொல்லிவிட்டார்.

ஈப்போவில் அரசாங்க மருத்துவமனையில் காட்டினோம். அறுவைக்கு முறை வர அடுத்த ஆண்டு நடுப்பகுதி ஆகும் என்றார்கள். ஆனால் ஒரு வழி இருந்தது. பட்டியலில் உள்ள யாருக்காவது காய்ச்சல் வந்தாலோ சர்க்கரை ஏறினாலோ அந்த இடம் காலியாகும். உடனே வரக்கூடியவரைத் தொலைபேசியில் கூப்பிடுவார்கள். பதில் கிடைக்காவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். அதற்காகவே அக்கா எங்கள் வீட்டில் வந்து தங்கினார்.

படிவத்தில் தொடர்பு எண்ணுக்கு இரண்டு கட்டங்கள் இருந்தன. முதல் கட்டத்தில் யார் எண் என்பதற்கு மருத்துவமனை முகப்பிலேயே வாக்குவாதம். நான் ஒரு தொழிற்சாலையில் சரக்கறைப் பொறுப்பாளன். வேலை நேரத்தில் கைப்பேசியைப் பெட்டியில் பூட்ட வேண்டும். அதனால் மச்சான் எண் முதலில், என் எண் இரண்டாவது என்று முடிவாயிற்று.

"பாத்தீங்களா, அவசரம்னா ஐபோன்தான்," என்றார் மச்சான்.

அக்கா கேட்டார்: "என் நம்பர் எங்க?"

"ரெண்டு கட்டம்தான் இருக்குக்கா."

"ஓரத்துல எழுது. என் கண்ணுக்கு என் நம்பர் இல்லாம எப்படி?"

எழுதினேன். நான் எடுத்து வைத்திருக்கும் நகலில் அந்த மூன்றாவது எண் ஓரத்தில் சாய்வாக ஏறிப் போகிறது.

ஆயுத பூசையில் எங்கள் வீட்டுக்கு ஒரு விதி உண்டு. அப்பா ரப்பர் பால் வெட்டும் கத்தியையும் வாளியையும் சாமி படத்தின் முன் வைப்பார். மறுநாள் காலை மறுபூசை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. நான் அதையே பின்பற்றி வருகிறேன். பேனா, அளவு நாடா, மனைவியின் தையல் கத்தரி ஆகியவற்றோடு சில ஆண்டுகளாகக் கைப்பேசிகளும் தட்டில் ஏறியிருக்கின்றன. அன்று அலுவலகங்களுக்கு விடுமுறை இல்லை. நான் விடுப்பு எடுத்திருந்தேன். மச்சான் காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வேனோடு வந்தார். சக்கரங்களில் எலுமிச்சை வைத்து நசுக்கி, பூசணி உடைத்தோம். வேனுக்கு மட்டும் விதிவிலக்கு. மதியம் பிள்ளைகளை யார் ஏற்றி வருவது?

"ஹென்போன தட்டுல வைக்கணுமா? ஆஸ்பத்திரி கூப்பிட்டா?" என்று கேட்டேன்.

மனைவி தீர்ப்பு சொன்னார்: "வைங்க. ஆனா சுவிட்ச அடைக்காதீங்க. ஆஸ்பத்திரி நம்பர்னா எடுக்கலாம். அண்ணி கண்ணு விஷயம், சாமி கோவிச்சுக்காது."

தட்டிலும் போட்டி தொடர்ந்தது. "என்னோடது சாமிக்கு வலப்பக்கம்," என்றார் மச்சான். விட்டுக்கொடுத்தேன். அதற்கு ஈடாகச் சந்தனம் பூசும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். எந்தக் கருவிக்கும் தலை, நடு, அடி என்று மூன்று இடத்தில் பொட்டு வைப்பது அப்பாவின் முறை. கத்தியானாலும் வாளியானாலும் மூன்று. அதே முறையில் இரண்டு கைப்பேசிகளுக்கும் பன்னீரில் குழைத்த சந்தனத்தைத் தாராளமாக வைத்து மேலே குங்குமமும் வைத்தேன். என் கைப்பேசிக்குக் கொஞ்சம் அதிகமாகவே வைத்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அக்கா தன் பொத்தான் கைப்பேசியை நீட்டினார். "இதையும் வை தம்பி."

மச்சான் சிரித்தார். "அக்கா, அது ஆயுதம் இல்லக்கா. பொம்மைலா. சாமிக்கே அடையாளம் தெரியாது."

"உன் வாய்க்குத்தான் முதல்ல சந்தனம் பூசணும்," என்று சொல்லிவிட்டு அதைத் திரும்பவும் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு அக்கா அடுப்படிக்குப் போனார்.

10.42. வலப்பக்கத்துக் கைப்பேசி ஒலித்தது. மருத்துவமனை எண். மச்சான் பாய்ந்து எடுத்து வேட்டியில் ஒரு துடை துடைத்துக் காதில் வைத்தார். "ஹலோ! ஹலோ! யெஸ், மேடம்!" என்றார். மறுமுனையில் பெண் குரல். "ஹலோ? ஹலோ? தா டெங்ஙார்," என்றது. கேட்கவில்லை என்று மலாய் மொழியில் சொல்கிறார். மச்சான் கத்தினார். தெருவில் போன மோட்டார் சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்தார். மருத்துவமனைக்கு மட்டும் கேட்கவில்லை. அழைப்பு துண்டிக்கப்பட்டது.

கைப்பேசியின் அடிப்பகுதியில் உள்ள சிறு துளைகள்தான் நம் குரலை வாங்குகின்றன. மூன்றாவது பொட்டை நான் சரியாக அங்கேதான் வைத்திருந்தேன். அதைச் செய்த நிறுவனத்தின் மீது எந்தக் குற்றமும் இல்லை. யாரோ தங்கள் கருவிக்குப் பன்னீரில் குழைத்த சந்தனம் பூசுவார்கள் என்று எந்தப் பொறியாளர் எதிர்பார்த்திருப்பார்?

10.44. என்னுடையது ஒலித்தது. அதே எண். "பாத்தீங்களா, ஆண்ட்ராய்டு" என்று சொல்ல வாய்வரை வந்ததை நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் திரை முழுக்கப் பன்னீரும் குங்குமமும். பச்சை வட்டத்தை இழுத்தேன். வரவில்லை. ஈர விரலை ஈரக் கண்ணாடி ஏற்கவில்லை. துண்டால் துடைத்தேன். சிவப்பாகப் பரவியது. மறுபடி இழுப்பதற்குள் ஒலி நின்றுவிட்டது. துடைத்து முடித்துத் திருப்பிக் கூப்பிட்டேன். அது பொது எண். எந்தப் பிரிவு வேண்டும் என்று ஒரு பதிவுக் குரல் வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனது.

மச்சானும் நானும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. இரண்டு கட்டமும் முடிந்துவிட்டது. அடுத்த ஆண்டு நடுப்பகுதி. அதற்குள் கொட்டகையில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்கள். மனைவி மட்டும், "அண்ணிகிட்ட யாரு சொல்றது?" என்று மெதுவாகக் கேட்டார்.

10.47. அடுப்படியில் ஒரு ஒலி. பழைய கைப்பேசிகளுக்கே உரிய அந்தக் கூரிய ஒலி.

நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா பைக்குள் கையை விட்டுக் கைப்பேசியை எடுத்து, பார்க்காமலேயே கட்டைவிரலால் தடவி, நடுவில் மேடு உள்ள பொத்தானிலிருந்து மேலே இரண்டு, இடப்பக்கம் ஒன்று என்று போய், அழைப்பை ஏற்கும் பொத்தானை அழுத்தினார். "யா, சாயா," என்றார். நான்தான் என்று அர்த்தம். பிறகு வெகு நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "போலே, போலே. தெரிமா காசே, மிஸி," என்று தாதியிடம் சம்மதமும் நன்றியும் சொல்லிவிட்டு வைத்தார்.

"நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வரச் சொல்றாங்க. வெறும் வயித்துல," என்றார் எங்களிடம். பிறகு, "ஏன்டா ரெண்டு பேரும் இப்படி மூச்சு வாங்குறீங்க?" என்றார்.

நான்கு ஆண்டுகளாக நான் எழுதிய நோட்டில் நிறம், வேகம், மின்கலம் எல்லாம் இருந்தன. கண் தெரியாத ஒருவரின் விரல் கைப்பேசியைப் படிக்குமா என்ற கேள்வி எங்குமே இல்லை. அக்கா ஏன் எங்கள் இருவரின் பழைய கைப்பேசிகளையும் வேண்டாமென்று மறுத்து வந்தார் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. பழக்கம் இல்லாததால் என்று நினைத்திருந்தேன். கண்ணாடியில் அவர் விரலுக்கு எதுவும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். கண்ணாடிக் கைப்பேசியையும் வாயால் பேச வைக்கலாம் என்று பின்னர் படித்தேன். அதை இரு தரப்பிலும் யாரும் அவருக்குச் செய்து கொடுத்ததில்லை.

மறுநாள் அறுவை நடந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அதற்கு அடுத்த நாள் கட்டுப் பிரித்ததும் மருத்துவமனை வாசலில் மச்சானும் நானும் அக்காவை ஆளுக்கொரு படம் எடுத்தோம். பழக்கம் விடவில்லை.

"அக்கா, இப்ப நீங்கதான் நீதிபதி. எது நல்லா இருக்கு?" என்று மச்சான் இரண்டு கைப்பேசிகளையும் அவர் முன் நீட்டினார்.

அக்கா ஒரு கண்ணை மூடி, கட்டுப் பிரித்த கண்ணால் மாறி மாறிப் பார்த்தார். தன் முகத்தை அவர் தெளிவாகப் பார்த்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. "இவ்வளவு நரைச்சிருச்சா? ஒருத்தனும் சொல்லலியே," என்றார். பிறகு கைப்பேசிகளைத் திருப்பி அடிப்பகுதியைப் பார்த்தார். "நிறம் கிடக்கட்டும். ரெண்டுலயும் ஓட்டையில இன்னும் சந்தனம் இருக்கு. உங்க நாலு கண்ணுக்கும் இது தெரியலியா?"

சேலையில் குத்தியிருந்த ஊசியை எடுத்து, இறாலின் முதுகு நரம்பை உருவுவது போல நிதானமாக, ஒவ்வொரு துளையாகச் சுத்தம் செய்து கொடுத்தார். மச்சான் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அந்த ஒப்பீட்டு நோட்டில் அதன்பிறகு நான் எதுவும் எழுதவில்லை. தோசையைச் சூடாகச் சாப்பிடுகிறோம்.

தீபாவளிக்குப் பிறகு, மருத்துவர் அனுமதித்த வாரத்தில் அக்கா கொட்டகைக்குத் திரும்பினார். கெடு தாண்டியும் இடம் இருந்தது. தவுக்கேக்கு நாங்கள் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். அதைவிட, எங்களுக்காக மூன்றாவது முறை எண்ணை அழுத்திய அந்தத் தாதிக்கு. முதல் முறை சந்தனம் வழியாக எதுவும் கேட்கவில்லை. இரண்டாம் முறை யாரும் எடுக்கவில்லை. அவர் அதோடு விட்டிருந்தால் குறை சொல்ல எங்களுக்கு நியாயமில்லை.

நன்றி சொல்லப் போனேன். யார் கூப்பிட்டார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. முகப்பில் இருந்த ஒருவர், இரண்டு எண்களுக்கும் முயன்று பதில் இல்லையென்றால் அடுத்த நோயாளியைக் கூப்பிடுவதுதான் நடைமுறை என்றார். பக்கத்தில் இருந்தவர், தாளில் எந்த எண் இருந்தாலும் கூப்பிடுவோம் என்றார். கூப்பிட்டவருக்குக் கொஞ்சம் சளி பிடித்திருந்தது என்பது மட்டுமே அக்கா தரும் தகவல். ஆகவே 10.47க்கு வந்த அந்த அழைப்பு விதிப்படி வந்ததா, படிவத்தின் ஓரத்தில் சாய்ந்து கிடந்த எண்ணைப் பார்த்து ஒருவர் தன் மனத்தால் செய்ததா என்பது இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.