ஞானஜோதி நிரப்பிய ஐந்துகள்

ஞானஜோதியைப் பொய்க்காரி என்று சொன்னவர்கள் யாரும் ஒரு வீட்டுக் கதவைத் தட்டியவர்கள் இல்லை. இதை முதலில் சொல்லாவிட்டால் எனக்கு ஆத்திரம் அடங்காது.

குடும்ப உறவுகளை ஆராயும் ஒரு நிறுவனத்துக்காக நானும் அவளும் பன்னிரண்டு வருடமாக வீடு வீடாகப் போகிறோம். 'வீட்டில் என் பேச்சுக்கு மதிப்பு இருக்கிறது' என்பதுபோல் இருபது வாக்கியங்களை மனைவிகளிடம் வாசிப்போம். துளியும் இல்லை என்றால் ஒன்று, முழுக்க உண்மை என்றால் ஐந்து. 2015 வெள்ளத்தில் சென்னை முடிச்சூரில் இடுப்பளவுத் தண்ணீரில், நிரப்பிய படிவங்களைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தவள் ஞானஜோதி.

ஞாயிற்றுக்கிழமை, குடும்பமே வீட்டில் இருக்கும்போதுதான் போக வேண்டும் என்பது ஆபீஸ் உத்தரவு. சர்ச் முடிந்ததும் ஞானஜோதி சாப்பிடாமல்கூடக் கிளம்பிவிடுவாள். போனால் என்ன நடக்கும்? புருஷன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வான். மாமியார் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வாள். அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் ஐந்து என்பாள். பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று குறிக்க ஒரு கட்டம் வேண்டும் என்று ஞானஜோதி மூன்று முறை கேட்டாள். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இந்த வருடம் புதிய புள்ளியியல் முறை வந்தது. விடைகளைக் கூட்டிச் சராசரி போடுவதோடு நிற்காமல், ஒவ்வொரு கேள்வியும் எதை அளக்கிறது என்று தனித்தனியாகச் சோதிக்கும் முறை. அதில் ஞானஜோதியின் பதினெட்டுப் படிவங்கள் மாட்டின. எல்லாம் ஐந்து. முடிச்சூரில் மஹாலட்சுமி என்ற பெண்ணின் படிவத்தைச் சரிபார்க்க ஆபீஸிலிருந்து போன் செய்தார்கள். அதில் இருந்தது புருஷனுடைய நம்பர். "சர்வேயா? அப்டி யாரும் வர்ல, போனை வை," என்று கத்திவிட்டு அவன் வைத்துவிட்டான். அவ்வளவுதான். ஞானஜோதி வீட்டில் உட்கார்ந்தே நிரப்பிவிட்டாளாம், நாளையிலிருந்து வர வேண்டாமாம்!

அவள் அழவில்லை. புள்ளியியல் பார்க்கும் பத்ரியின் அறைக்குள் நேராக நுழைந்தாள்.

"சார், உங்க கம்ப்யூட்டர் சொல்றது சரி. அந்த அஞ்செல்லாம் பொய்தான். ஆனா பொய் சொன்னது நான் இல்ல. நாளைக்குப் பதினோரு மணிக்கு என்கூட முடிச்சூர் வாங்க. வேலை போனா போகட்டும், பொய்க்காரிங்கற பட்டத்தோட நான் போகமாட்டேன்."

பத்ரி வந்தார். நானும் போனேன். புருஷன் வேலைக்குப் போயிருந்தான், மாமியாரும் வீட்டில் இல்லை. கதவைத் திறந்த மஹாலட்சுமி ஞானஜோதியைப் பார்த்ததும், "அன்னிக்கு வந்தீங்களே அக்கா, இன்னா விஷயம்?" என்றாள். பத்ரி ஞானஜோதியின் பக்கம் திரும்பித் தலையைக் குனிந்துகொண்டார். "ஸாரிக்கா. நாங்க தப்புப் பண்ணிட்டோம். கிளம்பலாம்," என்றார்.

"எங்க சார் கிளம்புறது? எம்பேரு எனக்குத் திரும்பி வந்துடுச்சு. இந்தப் பொண்ணோட பதில் இன்னும் வரலையே," என்று சீறினாள் ஞானஜோதி. அவரை வெளியே வாசலிலேயே நிற்க வைத்துவிட்டு, படிவத்தை எடுத்து முதல் வாக்கியத்தை மறுபடி வாசித்தாள்.

மஹாலட்சுமி தெருவை ஒரு முறை எட்டிப் பார்த்தாள். படிவத்தில் ஒன்றிலிருந்து ஐந்துவரை இருந்த எண்களை விரலால் தடவினாள்.

"ஒண்ணுக்குக் கீழ எதுவும் இல்லியாக்கா?" என்று கேட்டாள்.