நிறுத்தச் சொன்ன காத்து

சபையில உக்காந்திருக்கிற அண்ணன்மாரே, அக்கா தங்கச்சிமாரே, எனக்கு மேடைப் பேச்சு வராது. வாய் மட்டும் நெறைய உண்டுன்னு எங்க வீட்டுக்காரர் சொல்லுவாரு. அந்த வாய வச்சே சொல்றேன். போன வாரம் நான் தாலி அறுத்திருக்கணும். அறுக்கல. அதச் சொல்லத்தான் எழுந்து நிக்கிறேன்.

கிறிஸ்மஸ் முடிஞ்ச மறுநாள் புடிச்ச மழை உங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு துணி காயல. எங்க வீடு ரயில் பாதை ஓரத்துல, பலகை வீடு. பலகை இடுக்கு வழியா ஈரக் காத்து வந்து எலும்புல ஏறும். ரெண்டு சாரோங் கைலி சுத்தியும் எனக்கு நடுக்கம் நிக்கல.

எங்க வீட்டுக்காரர் தேவசகாயத்துக்கு இளைப்பு நோய் உண்டு. கிள்ளான் ரயில் வண்டில எஞ்சின் ஓட்டி, ரவாங் பக்கத்துச் சுரங்கத்து நெலக்கரிப் புகைய முப்பது வருஷம் குடிச்ச நெஞ்சு. பென்ஷன் வாங்கி இன்னும் ஒரு வருஷம் முடியல. சும்மா இருக்கத் தெரியாத மனுஷன். நான் சோறு பொங்கினா பின்னாடியே வந்து பானை மூடிய அழுத்தி வைப்பாரு, ஆவி வீணாப் போகுதாம். ஒரு நாளைக்கு நாலு தடவ சண்டை போடுவோம். பிள்ளை குட்டி இல்லாத வீடு, சண்டைக்கும் நாங்க ரெண்டு பேருதானே.

புதன்கிழமை அவருக்குக் காய்ச்சல் வந்துச்சு. மூச்சு இழுக்க இழுக்க விலா தெரிஞ்சுது. டிஸ்பென்சரில கம்பவுண்டர் மாதிரி இருக்கிற டிரெசர் வந்து மருந்து கொடுத்துட்டு, "குளிர் படாம சூடா வச்சுக்கங்கம்மா, இந்த நெஞ்சு இனிமே தாங்காது" ன்னு சொல்லிட்டுப் போனாரு. இவரு போயிட்டா நான் யாருக்குக் கஞ்சி வைப்பேன்? அடுப்படியில முந்தானைய வாயில வச்சுக்கிட்டு அழுதேன்.

மறுநாள் மத்தியானம் இவரு படுத்துக்கிட்டே உத்தரவு போட ஆரம்பிச்சாரு. "ஞானம், கரியடுப்ப உள்ள கொண்டா. இடுக்கு ஒண்ணு விடாம அடை. சூடு வெளிய போகக் கூடாது." எஞ்சின்காரர் புத்தி அது. எங்க ஆவி ஒழுகினாலும் அடைக்கணும். நானும் நல்ல யோசனைன்னு கரியடுப்ப மூட்டி உள்ள வச்சேன், கோணியக் கிழிச்சுச் சொருகினேன், பழைய சாரோங்க அடைச்சேன், கதவுக்கடியில துண்டச் சுருட்டி வச்சேன். சன்னல் கொக்கி லொடலொடன்னு ஆடினதால கம்பி போட்டு முறுக்கிக் கட்டினேன். எஞ்சினுக்குப் புகைபோக்கி உண்டு, எங்க அறைக்கு இல்லன்னு ரெண்டு பேருக்குமே தோணல.

அப்புறம் கட்டில் பக்கத்துல முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, இந்தக் காத்த நிறுத்தும். என் புருஷன விட்டுரும்" னு மனசு விட்டுக் கேட்டேன். கேட்ட கொஞ்ச நேரத்துல அறை கதகதன்னு ஆச்சு. அவரு இருமல் நின்னு தூங்கிட்டாரு. எனக்கும் ஒடம்பு லேசாயி கண்ணு சொருகுச்சு. தலை கொஞ்சம் கனத்துச்சு, அழுத தலைதானேன்னு விட்டுட்டேன். ஜெபத்துக்குப் பதில் இவ்வளவு சீக்கிரம் வந்துருச்சேன்னு சந்தோஷப்பட்டேன். அது சமாதானம் இல்ல, சாவுன்னு எனக்கு எப்படித் தெரியும்?

அப்புறம் தண்ணி குடிக்க எழுந்திருக்கப் பாத்தேன். கால் வரல. அவரக் கூப்பிடலாம்னா நாக்கும் பொரளல. மனசுக்குள்ள மட்டும் "ஏசப்பா" ன்னேன். அதுக்கு மேல ஒண்ணும் கேக்கத் தெரியல.

அப்பத்தான் அந்தக் காத்து வந்துச்சு. நான் முறுக்கிக் கட்டின கம்பி அறுந்து, சன்னல் பலகை சுவத்துல மோதி, மழை பூரா என் மூஞ்சில அடிச்சுது. எனக்கு வந்த கோவம் இருக்கே! நிறுத்தச் சொன்னா ஏவி விடுறீரான்னு ஆண்டவர் கூடவே சண்டைக்குப் போனேன். சன்னல மூடத் தவழ்ந்து போயி, கட்டையப் புடிச்சு எழுந்து, பலகைய இழுக்கத் தலைய வெளிய நீட்டினேன். நாலு மூச்சு விட்டதும் தலை தெளிஞ்சுது. திரும்பிப் பாத்தா, அவரு நெஞ்சு வரைக்கும் நனைஞ்சு கெடக்காரு, அசையல. இருமற மனுஷன் மூஞ்சில மழை விழுந்தும் எழுந்திருக்கலன்னா அது தூக்கமா?

"முனியம்மாக்கா!" ன்னு கத்தினேன். பக்கத்து வீட்டு முனியம்மா மழையில நனைஞ்சுக்கிட்டே ஓடி வந்து கதவத் தள்ளினா. "ஐயோ பாவி, கரிய உள்ள வச்சா சாத்தினே?" ன்னு கேட்டுக்கிட்டே அவரு காலப் புடிச்சா. நான் தோளப் புடிச்சேன். எந்தக் குளிர் படக் கூடாதுன்னு பொத்திப் பொத்தி வச்சேனோ, அந்தக் குளிருலயே வாசல்ல கெடத்தினோம். அவ முருகான்னா, நான் ஏசுவேன்னேன். அவரு நெத்தில துன்னூறும் பூசினா. நான் தொடைக்கல. நீங்க கோவிச்சுக்கிட்டாலும் சரி.

ஒரு வாந்தி எடுத்தாரு. மூச்சு இழுத்தாரு. கண்ணத் தெறந்து மொத வார்த்த என்ன தெரியுமா? "சன்னல எவ தொறந்தது?"

"தொறக்க வேண்டியவர் தொறந்தாரு, நீங்க சும்மா மூச்சு விடுங்க" ன்னு சொல்லிட்டு, அவரக் கட்டிக்கிட்டு, தெருவுல போறவங்க பாக்க அழுதேன்.

டிரெசர் வந்து பாத்தாரு. கரி வாயு நெஞ்சுல ஏறியிருக்கு, இன்னும் செத்த நேரம் போயிருந்தா ரெண்டு பெட்டி செய்யச் சொல்லியிருக்கணும்னாரு. அடுத்த ரெண்டு நாள்ல காய்ச்சலும் எறங்கிருச்சு.

முப்பது வருஷமா இவரு கோயிலுக்கு வராததுக்கு ஞாயித்துக்கிழமை வண்டி காரணம். பென்ஷனுக்கு அப்புறமும் ஏதாவது ஒரு காரணம். நேத்து ராத்திரி சாப்பிடும்போது அவராவே, "சட்டை தேச்சு வையி, நானும் வரேன்" னாரு. நான் வாயத் தெறக்கல. தெறந்தா மாத்திருவாருன்னு பயம்.

அதனால சொல்றேன், ஆண்டவர்கிட்ட கேளுங்க. அழுது கேளுங்க, சண்டை போட்டுக் கேளுங்க. ஆனா எந்தப் பக்கமா வரணும்னு அவருக்கு வழி சொல்லிக் கொடுக்காதீங்க. நான் அடைச்ச வழியாத்தான் அவரு வந்தாரு. நம்பிக்கை இல்லாதவங்க பின் வரிசைய ஒரு தடவ திரும்பிப் பாருங்க. அங்க இருமிக்கிட்டு உக்காந்திருக்காரே, அவருதான் என் வீட்டுக்காரரு.